அக்காவின் ரத்தம், ஆயாவின் பெயர்



இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இது என் அக்காவைப் பற்றியது. அவளிடம் கேட்டேன். "எழுது. ஆனா என் பேரு, ஆஸ்பத்திரி பேரு, ஊரு பேரு எதுவும் வரக்கூடாது. மார்ச்சுல ரினீவல் இருக்கு" என்றாள். அதனால் பெயர்கள் இருக்காது. வட மாவட்டம் ஒன்றில் ஓர் அரசு மருத்துவமனை, அதில் ஒரு லேப், அங்கே 12 வருடமாக ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஒரு டெக்னீஷியன். இது தெரிந்தால் போதும்.

போன வருடம் ஆடி மாதம், ஒரு நைட் டூட்டியில், விடிகாலை மூன்று மணிக்கு அக்கா தன் கையில் தானே ரத்தம் எடுத்தாள். ரப்பர் பட்டையை ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்துக் கட்டிக்கொண்டாளாம். ஆயிரக்கணக்கான கைகளில் நரம்பு தேடியவளுக்குத் தன் கையில் நரம்பு பிடிக்க இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. ஊதா மூடி டியூபில் ரத்தத்தை விட்டாள். அடுத்து டியூபின் மேல் பெயர் எழுத வேண்டும். தன் பெயரை எழுதவில்லை. செத்து 18 வருடமான எங்கள் ஆயாவின் பெயரை எழுதினாள். வயது 60, பெண்.

அவள் பார்த்தது எச்.பி.ஏ.1.சி. சனங்கள் அதை 'மூணு மாச சுகர்' என்பார்கள். ரத்தச் சிவப்பணுவில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, கடந்த இரண்டு மூன்று மாதம் சர்க்கரை சராசரியாக எந்த அளவில் இருந்தது என்று சொல்லிவிடும். 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. மிஷின் 11.2 என்று அடித்தது.

"மிஷின்தான் தப்புன்னு நெனச்சேன். கன்ட்ரோல் போட்டுப் பார்த்தேன், சரியா இருந்துச்சு. மறுபடி என் சாம்பிளப் போட்டேன். 11.3 வந்துச்சு. ரெண்டு ரிப்போர்ட்டையும் கிழிச்சுப் போட்டுட்டு, பிரசவ வார்டுல இருந்து வந்த பிளட் குரூப்பிங்கப் பார்க்கப் போயிட்டேன்."

அப்போது அவளுக்கு வயது 38.

இது எனக்குத் தெரியவந்த விதத்தைச் சொன்னால்தான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது புரியும். நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். நான் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தின் சார்பில் அதே மருத்துவமனையில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினோம். ஊழியர்களையும் உட்காரவைத்திருந்தார்கள். நான்தான் பேசினேன். கையில் படம் போட்ட அட்டைகள், தலைப்பு 'வாழ்க்கைமுறை நோய்கள்'. தினமும் அரை மணி நேரம் நடங்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், ஏழு மணி நேரம் தூங்குங்கள், மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சமூகவியலில் முதுகலை முடித்தவள் பேசிய பேச்சு இது. கடைசி வரிசையில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லேபில் பாட்டில் கழுவும் பெரியம்மாவும் சிரித்தார்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும், "ஏன்க்கா சிரிச்ச?" என்று கேட்டேன்.

"நீ சொன்ன நாலும் எங்க டூட்டி சார்ட்டுல இல்லடி. வாழ்க்கைமுறைங்கிற. எங்களுக்கு ஏது வாழ்க்கைமுறை? டூட்டி முறைதான்."

அப்புறம்தான் அந்த ஆடி மாத ராத்திரியைப் பற்றிச் சொன்னாள். நாலு மாதமாக யாருக்கும் சொல்லாமல், மாத்திரையும் போடாமல் இருந்திருக்கிறாள்.

ஏன் ஆயா பெயர் என்று கேட்டதற்கு இரண்டு காரணம் சொன்னாள். ஒன்று, ஊழியர்கள் தங்கள் சொந்தத் தேவைக்கு ரீஏஜென்ட் செலவழிக்கக் கூடாது என்று அங்கே வாய்மொழி உத்தரவு. எத்தனை டெஸ்ட் ஓடியதோ அத்தனை நோயாளியின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் உண்மையான காரணம். அவளுடையது 11 மாத ஒப்பந்தம். முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி 11 மாதம். '38 வயசுல சுகர், நைட் டூட்டி பார்க்க முடியாதுன்னு சொல்லுவா' என்று யாராவது ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னால் போதும். உத்தரவு எதுவும் தேவையில்லை, பட்டியலில் பெயர் வராது, அவ்வளவுதான். கையில் வரும் 13,000 ரூபாயும் போகும்.

இனி அவளுடைய ஒரு நாளைச் சொல்கிறேன். லேப் வேலை என்றால் குளிர்சாதன அறையில் வெள்ளைக் கோட்டு போட்டு மைக்ராஸ்கோப் பார்ப்பது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன்.

பகல் டூட்டி காலை எட்டு மணிக்கு. ஏழரைக்கே வரிசை நிற்கும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள். அவர்களுக்குப் பசி, கோபம், மயக்கம். எல்லாரையும் பத்தரைக்குள் முடிக்க வேண்டும். ஏனென்றால் முதலில் கொடுத்தவர்கள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வந்து நிற்பார்கள். நோயாளி உட்கார நாற்காலி இருக்கிறது, எடுப்பவர் நிற்க வேண்டும், குனிய வேண்டும். இரண்டு வரிசைக்கு நடுவில்தான் காலைச் சாப்பாடு. பத்தரைக்கு டீ, அதில் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு பன் அல்லது கேட் வாசல் வடை. வீட்டிலிருந்து டப்பாவில் எடுத்துப்போன சோறு மதியம் மூன்று மணிக்கு. லேபுக்குள் சாப்பிடக் கூடாது என்பது சரியான விதி. சளியும் மலமும் வந்து இறங்கும் இடம். ஆனால் லேபுக்கு வெளியே சாப்பிடவும் இடம் கிடையாது. படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், படிக்கட்டில் ஆள் ஏறினால் டப்பாவை நகர்த்திக்கொள்வார்கள்.

தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டும். இருக்கிற ஒரு கழிப்பறை, சிறுநீர் மாதிரி கொடுக்க வரும் நோயாளிகளுக்கானது, அது இருக்கும் நிலையை நான் விவரிக்கப் போவதில்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், அரிப்பு, இவைதான் சர்க்கரையின் முதல் அறிகுறிகள். அக்காவுக்கு அத்தனையும் இருந்தன. அடக்கி வைப்பதால் வந்த சிறுநீர்த் தொற்று என்றே நினைத்து, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் எல்லோருக்கும் அதே தொந்தரவு இருந்ததால் இது வேறு நோய் என்று தோன்றவே இல்லை.

நைட் டூட்டி ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை. ஒரே ஆள். விபத்து, பாம்புக்கடி, பிரசவம், எல்லாவற்றுக்கும் அவள்தான். கண்ணயர்ந்தால் குரூப்பிங் தப்பாகும், தப்பானால் ஓர் உயிர் போகும் என்ற பயத்திலேயே விழித்திருப்பாள். பசித்தால் பிஸ்கெட். இரவில் நம் உடம்புக்கு இன்சுலினைப் பயன்படுத்தும் திறன் குறைவு. பகலில் சாப்பிடும் அதே பிஸ்கெட் இரவில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடும். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. சுழற்சி முறையில் இரவுப் பணி பார்த்த ஆண்டுகள் கூடக் கூட இரண்டாம் வகை நீரிழிவின் அபாயமும் கூடிக்கொண்டே போனதை அது காட்டியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலேயே இரவுச் சுழற்சிப் பணியை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது. 2019-இல் மறுபடி உறுதி செய்தது. இதற்கெல்லாம் நான் என் அட்டையில் போட்டிருந்த மருந்து, அரை மணி நேர நடை.

இந்த நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. அத்தனை பேருக்கும் நோய் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது யார்? ஏதோ ஒரு லேபில் ஏதோ ஒரு அக்கா. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது, வீட்டுக்கே மாத்திரை போகிறது, நல்ல திட்டம், எங்கள் தெருவிலேயே பயனடைந்தவர்கள் உண்டு. 2024-இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் வந்தது. அதைச் சொன்னபோது அக்கா, "எங்கள யாரு தேடுவா? நாங்க எங்கயும் தொலைஞ்சு போகலையே, லேப்லயேதான இருக்கோம்" என்றாள்.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லேபில் எல்லோரும் அவரைப் பெரியம்மா என்றே கூப்பிடுவார்கள். ஏஜென்சி வழியாக வந்தவர், அருந்ததியர் தெரு. சளி டப்பா, மலம் வந்த டப்பா, உடைந்த ஸ்லைடு, ரத்தம் சிந்திய தரை, எல்லாம் அவர் கைக்குத்தான் போகும். ஹைப்போகுளோரைட் கரைசலின் நெடியில் வருடக்கணக்காக இருமல். ஃபார்மலின் ஊற்றிய சதைத்துண்டு பாட்டில்களையும் அவரே தூக்குவார். ஃபார்மலினிலிருந்து கிளம்பும் ஃபார்மால்டிஹைட், புற்றுநோய் உண்டாக்கும் என்று சந்தேகமில்லாமல் நிறுவப்பட்ட முதல் பிரிவில் இருக்கிறது. அவருக்கு அது 'கண்ணெரியிற தண்ணி'. முட்டிவலி, பிரஷர் இருக்கும் என்று அவருக்கே சந்தேகம். இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. டிஸ்பென்சரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், அதனால் போவதில்லை.

அந்த லேபில் யார் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தால் ஊரின் வரைபடம் அப்படியே வரும். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் மருத்துவர் ஒரு தெரு. நிரந்தரப் பணியில் இருக்கும் மூத்த டெக்னீஷியன்கள் இன்னொரு தெரு. ஒப்பந்த டெக்னீஷியன்களில் பாதிக்கு மேல் எங்களைப் போல முதல் தலைமுறைப் பட்டயக்காரர்கள். மருத்துவம் எட்டாமல், இரண்டு வருடத்தில் வேலை என்று நம்பி டி.எம்.எல்.டி. சேர்ந்த பிள்ளைகள். கழுவுகிறவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

என் சித்தப்பா மகன் ஒரு தனியார் லேபில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறான். பைக், தோளில் ஐஸ் பெட்டி, காலை ஐந்தரையிலிருந்து ஓட்டம். ஒரு வீட்டில் பெரியவருக்கு ரத்தம் எடுத்து முடித்து, வெயிலுக்குக் கொஞ்சம் தண்ணீர் கேட்டிருக்கிறான். "தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று விசாரணை நடந்தது. அப்புறம் பையனைக் கடைக்கு அனுப்பித் தண்ணீர் பாக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள். "கைய நீட்டுனாங்க, சொம்ப நீட்டலக்கா" என்றான். இப்போது அவன் எந்த வீட்டிலும் தண்ணீர் கேட்பதில்லை. வயது 29, போன மாதம் சிறுநீரகக் கல் என்று படுத்திருந்தான். கல்லுக்கும் சொம்புக்கும் சம்பந்தம் உண்டா என்று ஒரு மருத்துவர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். தண்ணீர் குறைவாகக் குடித்தால் கல் வரும் என்று எனக்குச் சொன்னதும் அவர்தான்.

படிக்கிற தோழர்களுக்காக ஒரு விஷயம். லண்டனில் 1967-இல் தொடங்கி சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். வைட்ஹால் ஆய்வு என்பார்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் இலவச மருத்துவம். ஆனாலும் கடைநிலை ஊழியர்கள் மாரடைப்பில் செத்த விகிதம் உயரதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே நின்றது. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன் வேலையின்மேல் தனக்கு அதிகாரம் இல்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம் என்பது தெரிந்தது. எப்போது உட்காரலாம், எப்போது சாப்பிடலாம், எப்போது ஒண்ணுக்குப் போகலாம் என்பதை இன்னொருவர் தீர்மானிக்கும் வேலை என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். முதுகலையில் இந்த ஆய்வைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதியவள் நான். விடைத்தாளில் எழுதியது அக்காவைப் பற்றி என்று தெரியாமல் எழுதியிருக்கிறேன். அங்கே படிநிலை மட்டும்தான். இங்கே அந்தப் படிநிலைக்குப் பிறக்கும்போதே ஆள் ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஆயாவுக்கு வருகிறேன். அவர் கரும்பு வெட்டும் நடவும் பார்த்தவர். எங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோது பஞ்ச காலம், கிழங்கும் கீரையும் தின்று பிழைத்ததாகச் சொல்வார். காலில் கரும்புத் தோகை கிழித்த ஒரு புண், ஆறவே இல்லை. மஞ்சள் அரைத்துக் கட்டினோம், வேப்பிலை கட்டினோம். ஒரு வருடம் அந்தப் புண்ணோடு இருந்து செத்துப்போனார். யாரும் அவருக்குச் சர்க்கரை பார்க்கவில்லை. இருந்ததா என்பது எங்களுக்குத் தெரியாது. அக்கா மட்டும் இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்கிறாள்.

எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் இதயநோயும் சர்க்கரையும் அதிகம் வருவதை இங்கிலாந்தின் பழைய பிறப்புப் பதிவேடுகளிலிருந்து டேவிட் பார்க்கர் கண்டு சொன்னார். புனேயில் மருத்துவர் யாக்னிக், கிராமப்புறத் தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்தார். சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துப் பிள்ளைகளோ 3.5 கிலோ. ஆனால் இந்த மெலிந்த பிள்ளைகளின் உடம்பில் தசை குறைந்திருந்ததே தவிர கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பட்டினியைச் சமாளிக்கத் தயாராகும் உடம்பு, பின்னாளில் பன்னும் சர்க்கரை டீயும் கிடைக்கும்போது தடுமாறுகிறது. இதைப் படித்தபோது, டியூபின் மேல் அக்கா எழுதிய பெயர் அவ்வளவு பொய் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

அண்ணலுக்கும் சர்க்கரை இருந்தது. நரம்பு வலியும் இருந்தது. 1948-இல் அவர் மணந்த சவிதா அம்மையார் ஒரு மருத்துவர். கடைசிக் காலம் வரை அவர் உடம்பைப் பார்த்துக்கொண்டவர். அவர் காலை நடை போகாததால்தான் சர்க்கரை வந்தது என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. விடிய விடிய விழித்திருந்தது எதற்காக என்று நமக்குத் தெரியும். அந்த மரியாதையில் கொஞ்சம் நைட் டூட்டி பார்க்கிறவர்களுக்கும் மிச்சம் வைக்கலாம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் அவர். ஆலைத் தொழிலாளியின் வாரத்தை 54 மணி நேரத்திலிருந்து 48-ஆகக் குறைத்த திருத்தம் 1946-இல் வந்தது. அக்காவின் ஒரு ராத்திரி 12 மணி நேரம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேட ஆரம்பித்தேன். 1923-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களின் பட்டியல் இருந்தது. 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. லேப் வேலையில் தொற்று நோய் வந்தால் அது தொழில்சார் நோய். ஊசி குத்தி மஞ்சள் காமாலை வந்தால் கேட்கலாம். சர்க்கரையும் பிரஷரும் அந்தப் பட்டியலில் இல்லை. கிருமி வந்தால் வேலை கொடுத்த நோய், கிருமி இல்லாமல் வந்தால் நீயாகத் தேடிக்கொண்டது. 'வாழ்க்கைமுறை' என்ற சொல் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது.

ஆனால் 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளில் ஒரு நல்ல விஷயம் அகப்பட்டது. மஞ்சள், சிவப்பு, நீலம் என்று நிறவாரியாகக் குப்பை பிரிக்கச் சொல்லும் அதே விதிகள்தான். கழிவைக் கையாளும் சுகாதாரப் பணியாளர்கள் எல்லோருக்கும், மற்றவர்களுக்கும், வேலையில் சேரும்போதும் பின்பு வருடத்துக்கு ஒருமுறையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். நிரந்தரம், ஒப்பந்தம் என்று அதில் பிரிவு இல்லை. பொறுப்பு நிறுவனத் தலைமையுடையது. அக்கா 12 வருடத்தில் ஒரு பரிசோதனையையும் பார்த்ததில்லை. தடுப்பூசி மூன்று டோஸில் ஒன்று மட்டும், ஒரு முகாமில்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போட்டேன். கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை பேருக்கு ஆண்டுப் பரிசோதனை, அதில் ஒப்பந்தப் பணியாளர் எத்தனை, தடுப்பூசிப் பதிவேட்டின் நகல். பரிசோதனைக்குப் பதிவேடு பராமரிக்கப்படவில்லை, ஏஜென்சி ஊழியர்கள் ஏஜென்சியின் பொறுப்பு என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தேன். சில வாரத்தில், வெற்றி, மருத்துவமனையில் ஊழியர்களுக்கு மருத்துவ முகாம் என்று தகவல் வந்தது. நண்பர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். வாட்ஸ்ஆப்பில் வாழ்த்துகள் குவிந்தன.

முகாமில் பிரஷரும் விரல் நுனியில் சுகரும் பார்த்தார்கள். பெரியம்மாவுக்குப் பிரஷர் 190-க்கு 110. எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார்கள், மேற்பார்வையாளர் நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் அவர் வேலைக்குப் போனபோது, ஃபிட்னெஸ் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் வேலை, ஏதாவது ஆச்சுன்னா நாங்க பதில் சொல்ல முடியாது என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள்.

17 நாள் வேலை இல்லை, கூலி இல்லை. மாத்திரை கொடுத்து, பிரஷர் இறங்கி, சான்றிதழுக்கு மூன்று முறை அலைந்து, அதற்குப் பிறகுதான் உள்ளே விட்டார்கள். அந்த நாட்களில் பேத்தியின் பள்ளி வேன் கட்டணத்தைக் கட்ட முடியாமல் அவர் தன் தோட்டை அடகு வைத்தார். இது எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். அவர் என்னிடம் சொல்லவில்லை.

அக்கா அந்த முகாமுக்கே போகவில்லை. அன்று டூட்டி மாற்றிக்கொண்டிருந்தாள். "உனக்கு எப்பிடித் தெரியும் இப்பிடி ஆகும்னு?" என்றேன். "பாப்பா, நான் 12 வருசமா அங்க இருக்கேன்" என்றாள்.

மனு போட்டதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. நீங்களும் உங்கள் மாவட்டத்தில் போடுங்கள், அந்த 2016 விதிகளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போடுவதற்கு முன்பு அந்தப் படிக்கட்டில் போய் உட்காருங்கள். நான் சட்டத்தைப் படித்தேன், பெரியம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் முதலில் என்ன வேண்டும் என்று சொல்லியிருப்பார். பரிசோதனை முடிவு ஏஜென்சியின் கைக்குப் போகக் கூடாது. நோய் தெரிந்தால் வேலை போகாது என்று எழுத்தில் வேண்டும். சிகிச்சைக்குப் போகும் நாளுக்குக் கூலி வேண்டும். இவை இல்லாத ஆண்டுப் பரிசோதனை, ஆளை வடிகட்டும் சல்லடைதான். இப்போது மேல்முறையீட்டில் இந்த மூன்றையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். இந்தமுறை எழுதியது அக்காவும் அவளோடு வேலை பார்க்கும் இருவரும், நான் தட்டச்சு மட்டும். கையெழுத்து என்னுடையது, ஏனென்றால் எனக்கு மார்ச்சில் ரினீவல் இல்லை.

பெரியம்மா மறுபடி வேலைக்குப் போகிறார். மாத்திரை போடுகிறார். என்னைப் பார்த்தால் "நல்லாருக்கியாம்மா" என்பதோடு சரி. முன்பெல்லாம் பக்கத்தில் உட்காரச் சொல்வார்.

அக்காவும் மாத்திரை எடுக்கிறாள். நைட் டூட்டிக்கு வறுத்த கடலையும் ஒரு டப்பாவில் சுண்டலும் எடுத்துப் போகிறாள். டீயில் சர்க்கரை இல்லை. அதுவும் எங்கள் அம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதால் முடிகிறது. போன வாரம் மறுபடி மூன்று மாதச் சர்க்கரை பார்க்க வேண்டியிருந்தது. அவள் லேபில் வேண்டாம் என்று, பக்கத்து டவுனில் ஒரு தனியார் லேபுக்குப் போனோம். 400 ரூபாய். தன் பெயரையே சொன்னாள், வயது 39 என்றாள். ரத்தம் எடுத்த பொண்ணுக்கு 22, 23 வயதிருக்கும். ஒரே குத்தில் எடுத்துவிட்டது. அக்கா பஞ்சை அழுத்திக்கொண்டே அந்தப் பொண்ணின் கையையும் நின்ற விதத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாள்.

மணி பதினொன்றரை. "இல்லக்கா, இன்னும் ஆறு பேர் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பொண்ணு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டது.